காலேஜ் விழாவில் லினக்ஸ் ஸ்டால் போட்டால் யார் வருவார்கள்?

24 ஆகஸ்ட் 2025, இரவு 10:15 | கேள்வி

அண்ணா, பெருந்துறை பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். செப்டம்பர் 20 சனிக்கிழமை எங்கள் காலேஜில் விழா. கம்ப்யூட்டர் கிளப்புக்கு ஒரு டேபிளும் ஒரு பிளக் பாயிண்டும் கொடுத்திருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) பற்றி ஸ்டால் போடலாம் என்று யோசனை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸும் அதில் ஒன்று. இந்தப் பக்கம் வி.ஆர். ஹெட்செட், அந்தப் பக்கம் டெல்லி அப்பளம். நடுவில் எங்களைப் பார்க்க யார் வருவார்கள்? சும்மா கொடுத்தால்கூட நம் ஊரில் லினக்ஸை ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்கிறார்கள் சீனியர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

25 ஆகஸ்ட், காலை 6:50

அப்பளக் கடைக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். வரிசையில் நிற்கிறவர் எதையாவது பார்த்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்? ஒரு மானிட்டரை அந்த வரிசைப் பக்கம் திருப்பி வையுங்கள்.

பேனரில் 'இலவசம்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் இலவசம் என்றதும் கேட்கிற முதல் கேள்வி, 'அப்பறம் ரிப்பேர் ஆனா யாருங்க பாக்கறது?' கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோயம்புத்தூரில் மோட்டார் வாங்குகிறவர் விலையைக் கேட்கும் முன்பே, ரீவைண்டிங் செய்ய உள்ளூரில் ஆள் இருக்கிறதா என்று விசாரித்துவிடுவார். உங்கள் ஸ்டாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். 'சனிக்கிழமை மதியம் இந்த லேபில் இருப்போம், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த சனிக்கிழமை அங்கே இருங்கள்.

தொட மாட்டார்கள் என்ற சீனியர்களிடம் எந்த பிளேயரில் படம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். விஎல்சி கட்டற்ற மென்பொருள்தான். அது பிறந்ததும் ஒரு காலேஜில். 1996-இல் பாரிஸில் எகோல் சென்ட்ரல் என்ற காலேஜ் மாணவர்களுக்கு ஹாஸ்டல் நெட்வொர்க் ஆமை வேகம், கேம் ஆட முடியவில்லை. புது நெட்வொர்க்குக்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். சேட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியாக எல்லா ரூமுக்கும் ஓட்டிக் காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். அதில் வந்ததுதான் விஎல்சி. 2001-இல் காலேஜ் சம்மதித்து யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியே விட்டது. அந்த ஆரஞ்சுக் கூம்பு, ரோட்டில் வைக்கிற கூம்புகளைப் பசங்கள் தங்கள் சங்க ரூமில் சேர்த்து வைத்திருந்ததன் நினைவு. இந்தக் கதைக்கு ஒரு ஏ3 தாள் ஒதுக்குங்கள். கூம்புப் படத்தைப் பார்த்ததும் 'அட, இது நம்ம போன்ல இருக்கே' என்று நிற்பார்கள்.

25 ஆகஸ்ட், இரவு 9:30

நான் யார் என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். படிக்கும்போது நானும் இந்த மாதிரி ஒரு கிளப்பில் இருந்தவன்தான். உபுண்டு என்கிற லினக்ஸை அப்போது சிடியில் போட்டு உலகம் முழுக்கத் தபாலில் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஹாஸ்டல் விலாசத்துக்கு ஆளாளுக்கு எழுதிப் போட்டு சிடியை அடுக்கி வைத்திருந்தோம். ஸ்டாலில் காம்பிஸ் என்ற திரை வித்தை மென்பொருளைப் போட்டு டெஸ்க்டாப்பைக் கனசதுரமாகச் சுழற்றிக் காட்டினோம். நல்ல கூட்டம். விண்டோ நெருப்புப் பிடித்து மூடுவதைப் பார்க்க மறுபடி மறுபடி வந்தார்கள். 'இதை வைத்து என்ன செய்வது?' என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. வேடிக்கை பார்த்தார்கள், சிடியை வாங்கினார்கள், போனார்கள். அந்த சிடிகளில் பாதியை அப்புறம் ஹாஸ்டல் மாடியில் காக்கா விரட்டக் கட்டியிருந்ததைப் பார்த்தேன்.

ஆகவே, கனசதுரம் வேண்டாம்.

28 ஆகஸ்ட்

என்ன காட்டுவது என்று கேட்டீர்கள். யார் வருவார் என்று எழுதிப் பாருங்கள், காட்ட வேண்டியது தானாகத் தெரியும்.

மெக்கானிக்கல்காரன் வருவான். பாகங்களை 3டி-யில் வரைய உதவும் ஃப்ரீகேட் 1.0 போன நவம்பரில் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வரைந்த வடிவத்தின் ஒரு பக்கத்தை மாற்றினால் அதன் மேல் கட்டிய எல்லாம் பிய்த்துக்கொண்டு போகும். அதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். பம்ப் இம்பெல்லர் ஒன்றை வரைந்து திறந்து வையுங்கள். நம் ஊர்ப் பையனுக்கு அதைவிடப் பழகிய உருவம் இல்லை. சிவில்காரனுக்கு மேப் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் காலேஜ் இருக்கும் தாலுகா மேப்பைத் திறந்து, அவன் ஊர் ஏரியைத் தேடச் சொல்லுங்கள். இசிஇ-க்கு சர்க்யூட் போர்டு வரையும் கீகேட். விஷுவல் கம்யூனிகேஷன், ஃபேஷன் டிசைன் பிள்ளைகளுக்கு ஓவியத்துக்கு கிரிட்டா, 3டி அனிமேஷனுக்கு பிளெண்டர். பிளெண்டரில் செய்த ஒரு லாட்வியப் படம் இந்த மார்ச்சில் அனிமேஷனுக்கு ஆஸ்கர் வாங்கிவிட்டது. இனி அதை அமெச்சூர் சாமான் என்று யாரும் சொல்ல முடியாது.

சிஎஸ் பசங்களை விட்டுவிடுங்கள். அவர்கள் ஓஎஸ் லேபில் ஃபோர்க், பைப் என்று லினக்ஸ் புரோகிராம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். வந்தால் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) உசத்தி என்று சண்டை போட்டு, உண்மையில் வாங்க வந்தவரை விரட்டிவிடுவார்கள்.

28 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

'நானும் சிஎஸ் தாங்க' என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தெரியும் தம்பி. அதனால்தான் சொல்கிறேன்.

31 ஆகஸ்ட்

உடுமலையிலிருந்து ஒரு நண்பர்: ஸ்டாலிலேயே இன்ஸ்டால் செய்து கொடுத்தால்தானே கையோடு முடியும்?

வேண்டவே வேண்டாம். வருகிறவன் லேப்டாப்பில் செமினார் பிபிடி இருக்கும், தங்கச்சி கல்யாண போட்டோ இருக்கும், பேக்கப் இருக்காது. இப்போது வரும் லேப்டாப்களில் பல டிஸ்க் என்கிரிப்ஷனோடு (டிஸ்க்கை ரகசிய கீயால் பூட்டி வைப்பது) வருகின்றன. பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கைத் தொட்டதும் ரிக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்த கீ எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. நீங்கள் அவன் மெஷினைக் கெடுத்துவிட்டதாகக் காலேஜ் முழுக்கப் பேச்சாகிவிடும்.

பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப உதவும் வென்டாயைப் பென் டிரைவில் போட்டு, அதில் மின்ட் (இன்னொரு லினக்ஸ் வகை) ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்று, உபுண்டு ஐஎஸ்ஓ ஒன்று காப்பி செய்யுங்கள். இன்ஸ்டால் இல்லாமல் லைவாக ஓட்டிக் காட்டுங்கள். அதுவும் உங்கள் லேப்டாப்பில். இன்னொன்று: விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் அது முழுசாக அணைவதில்லை. லைவில் போய் சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. 'லினக்ஸ் என் டிரைவைப் பூட்டிவிட்டது' என்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1 செப்டம்பர்

இரவெல்லாம் உடுமலைக்காரர் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வகை மெஷினுக்கு அவர் சொல்வது சரி. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் பீரோ மேல் கிடக்கிறது. அக்காவுக்கு வந்தது, அண்ணனுக்கு வந்தது. அதில் இழக்க எதுவும் இல்லை. பேட்டரி போயிருக்கும், சார்ஜரில் ஓடும். போட்டோக்களை மட்டும் ஒரு டிரைவுக்கு மாற்றிவிட்டு, அங்கேயே போட்டுக் கொடுக்கலாம். ராம் 2 ஜிபி என்றால் மின்ட்டுக்கு அதுதான் கீழ் எல்லை. மின்ட்டில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடுங்கள்.

ஒரு வேடிக்கை. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் செய்தது, நம் நாட்டுச் சரக்கு. ஆன் செய்ததும் இரண்டில் எது என்று கேட்கும். எங்கள் தெருவில் அந்த மெனு வந்ததும் 'வைரஸ்ங்க' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் அதை அழித்துக் கொடுத்துக் காசும் வாங்கினார். லட்சக்கணக்கான வீட்டுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது தம்பி, சீனியர்களிடம் சொல்லுங்கள். போன வீட்டில் அதைப் பற்றிச் சொல்லித்தர ஆள்தான் இல்லை.

4 செப்டம்பர்

ஈரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: டிசைன் வரையும் கோரல் டிராவுக்குப் பதிலாகக் கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப் போடலாமா?

உண்மையைச் சொல்கிறேன். லோகோ, ஸ்டிக்கர், கட்டிங் பிளாட்டர் வேலைக்கு நன்றாக இருக்கும். அச்சுக்குப் போகிற வேலை என்றால் யோசிக்க வேண்டும். இங்க்ஸ்கேப் உள்ளுக்குள் ஆர்ஜிபியில் (திரைக்கான நிற முறை) வேலை செய்கிறது. அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறங்களாகப் பிரித்துக் கொடுக்க, பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் வழியாகப் போக வேண்டும். உங்கள் பழைய சிடிஆர் (கோரல் டிரா) ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற ஆபீஸ் தொகுப்பின் டிரா திறக்கும், ஆனால் உள்ளபடியே வரும் என்று எல்லா ஃபைலுக்கும் உறுதி சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய தலைவலி தமிழ் எழுத்து. காதுகுத்து, சீர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பல வருஷமாகப் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பீர்கள். யூனிகோடுக்கு (எல்லா மெஷினிலும் ஒன்றாக வரும் எழுத்து முறை) மாற்றினால்தான் புது மென்பொருளில் தேட, திருத்த முடியும். முகூர்த்த மாதத்தில் இதைத் தொடாதீர்கள். மார்கழியில் கடை சும்மா இருக்கும்போது ஒரு மெஷினில் மட்டும் பழகிப் பாருங்கள்.

கிளப்காரர்களுக்கும் இதையே சொல்வேன். முடியாததை முடியும் என்று சொல்லி ஒருத்தரை மாற்றினால், அவர் பத்துப் பேரிடம் போய்த் திட்டுவார்.

4 செப்டம்பர், இரவு

'உங்க கம்பெனியில் என்ன ஓடுது, அதைச் சொல்லுங்க முதல்ல' என்று ஒரு குத்தல்.

பேக்கிங், டிஸ்பாட்ச், கேட் என்ட்ரி, சேம்பிள் செக்‌ஷன் மெஷின்களில் மின்ட். பேக்கிங் லிஸ்ட், அளவு சார்ட், மெயில், பையர் (ஆர்டர் கொடுப்பவர்) அனுப்பும் பிடிஎஃப், இவ்வளவுதான் அங்கே வேலை. எக்ஸெல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். அக்கவுன்ட்ஸில் டேலி, அது விண்டோஸில். பேட்டர்ன் மாஸ்டர் வெட்டு வடிவம் வரையும் கேட் (CAD) மென்பொருளும் விண்டோஸில். பார்கோடு லேபிள் அடிக்கும் மெஷினையும் தொடவில்லை. மெர்ச்சண்டைசர்களில் மேக்ரோ வைத்து காஸ்டிங் ஷீட் போட்டவர்கள் எக்ஸெலை விட மாட்டேன் என்றார்கள், விட்டுவிட்டேன். ஷிப்மென்ட் நேரத்தில் கொள்கை பேசினால் முதலாளி என்னையும் சேர்த்துத்தான் அன்இன்ஸ்டால் செய்வார்.

முன்பு கிராக் போட்ட விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள்தான் இப்போது மின்ட்டில் இருக்கின்றன. பையரின் ஆடிட் வந்தால் லைசென்ஸ் கேட்பார்கள். சேமிப்பைவிட அந்தப் பயம்தான் முதலாளியை அசைத்தது.

9 செப்டம்பர்

பேனர் டிசைனை அனுப்பியிருந்தீர்கள். 'அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10 சாகிறது!' அதை எடுங்கள். அதற்குள் கரூர்க்காரர் ஒருத்தர் இங்கேயே திருத்திவிட்டார், அவர் சொல்வதுதான் சரி: மெஷின் மறுநாளும் ஓடும். பாதுகாப்பு அப்டேட் நிற்கும், அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, நீட்டித்துக்கொள்ளவும் வழி கொடுத்திருக்கிறார்கள். டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத, ப்ராசஸர் பழையதான மெஷின்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவர்களுக்கு நீங்கள் ஒரு வழி. மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. இதை அப்படியே எழுதினாலே போதும், பயமுறுத்த வேண்டியதில்லை.

12 செப்டம்பர்

தமிழ் தட்டச்சுக்கு ஒரு கீபோர்டு தனியாக வையுங்கள். ஐபஸ் என்ற லினக்ஸ் தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டு, 'அம்மா' என்று அடிக்கச் சொல்லுங்கள். அ, ம, ம, ஆ. நாலே தட்டு, புள்ளி தானாக விழும். ங போட்டுக் க தட்டினால் ங்க வந்துவிடும், நம் ஊர் மரியாதைக்கென்றே செய்தது மாதிரி. 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை இது. பாதிப் பேர் போனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துப் பழகியவர்கள். ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

2010 ஜூனில் கோயம்புத்தூர் கொடீசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டதும் அப்போதுதான். அந்தக் கண்காட்சிக்குக் காலேஜில் ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுவிட்டுப் போனோம். போன காரணம் அலங்கார ஊர்தி பார்ப்பதற்கு என்பது வேறு விஷயம்.

13 செப்டம்பர்

ஆள் பற்றாக்குறை என்கிறீர்களா? ஹாஸ்டலில் பாலக்காட்டுப் பிள்ளைகளைப் பிடியுங்கள். வாளையார் தாண்டினால் அரசுப் பள்ளியிலேயே கட்டற்ற மென்பொருளில்தான் ஐடி பாடம். பத்தாம் வகுப்பு பிராக்டிகலையே லினக்ஸில் செய்துவிட்டு வந்தவர்கள். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைப் பார்த்துப் பயப்படாத ஒரு பிபிஏ பொண்ணை ஸ்டாலில் நிறுத்துவதற்குச் சமமான விளம்பரம் கிடையாது.

15 செப்டம்பர்

அந்தப் பொண்ணு கிடைத்துவிட்டாளாம். பிபிஏ இல்லை, எம்பிஏ. ஏற்றுக்கொள்கிறேன்.

20 செப்டம்பர், இரவு 11:40

நேரில் போய்வந்தேன். ஊத்துக்குளி வழி, மழை.

செப்டம்பர் மூன்றாவது சனி உலகம் முழுக்க மென்பொருள் சுதந்திர நாள். காலேஜ் விழாத் தேதி அதில் விழுந்தது தற்செயல். ஸ்டாலில் யாருக்கும் அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது.

அப்பள வரிசை வேலை செய்தது. கூம்புக் கதையை நின்று படித்தார்கள். இம்பெல்லரைச் சுழற்றிப் பார்த்த மெக்கானிக்கல் பையன்கள் நகரவே இல்லை. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ஒரு அப்பாவுக்காக.

மகளைப் பார்க்க வந்தவர், சென்னிமலைக்காரர், தறியில் பெட்ஷீட். கையில் ஒரு கிராஃப் தாள் சுருட்டி வைத்திருந்தார். கட்டத்தில் சிவப்பும் நீலமுமாக பார்டர் டிசைன், பென்சிலில். 'இந்தக் கட்டத்த இதுல போட முடியுங்களா?' என்று கேட்டார். ஸ்டாலில் இருந்த பையன் முழித்தான். எம்பிஏ பொண்ணு படம் திருத்தும் ஜிம்ப்பைத் திறந்து, சின்னதாக ஒரு படம் உருவாக்கி, இன்டெக்ஸ்டு மோடுக்கு (எண்ணி வைத்த நிறங்கள் மட்டும்) மாற்றி நாலே நிறம் வைத்தாள். ஒரு பிக்சலுக்கு ஒரு கட்டமாக கிரிட் போட்டு, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு பிக்சல், அவர் தாளில் ஒரு கட்டம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சில் டூலில் தானே நாலு வரிசை நிரப்பினார். அப்புறம் ஒரு நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார். பேலட்டில் நீலத்தை மாம்பழ மஞ்சளாக்கியதும் டிசைன் முழுக்க மாறியது. 'இதுக்கு நான் மறுபடி ஒரு தாளு போடோணுமுங்க' என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் வரிசை நின்றது.

தறிக்கு டிசைன் சொல்லும் ஓட்டை அட்டையை (கார்டு) அடித்துத் தருகிறவர் பிஎம்பி படக் கோப்பு வாங்குவாரா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவர் வாங்காவிட்டால் இது வெறும் ஓவியம்தான்.

21 செப்டம்பர்

எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. அடுத்த சனிக்கிழமை லேபுக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

28 செப்டம்பர்

நேற்று லேபுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ஒன்றே: புராஜெக்ட் ரிப்போர்ட்டை லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்கம் தள்ளிப் போகிறது. பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், கேலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா. எழுத்தின் அகலம் ஒன்றாக இருக்கும்படி செய்தவை, போட்டால் வரி உடையாது. கைடிடம் கொடுக்கும்போது பிடிஎஃப்பாகக் கொடுங்கள், பேச்சே வராது.

தமிழில் உட்கார்ந்து பழக ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது, லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழிலேயே பேசும். படிக்கப் பிடிக்கிறவர்களுக்குக் கணியம் மின்னிதழ், 2012 முதல் வருகிறது.

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. சர்வருக்குச் சந்தனம் வைக்கிறேன் என்று ஃபேன் ஓட்டையில் வைத்துவிட்டார் செக்யூரிட்டி அண்ணன். இந்த வருஷம் ஓஎஸ் பேதம் இல்லை, எல்லா மெஷினுக்கும் பொரி.

11 அக்டோபர்

சென்னிமலைக்காரர் மகள் வழியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். கார்டு அடிக்கிறவர் பிஎம்பி வாங்குகிறாராம், ஆனால் அகலம் அவர் சொல்லும் கொக்கி (தறியில் நூலைத் தூக்குவது) எண்ணிக்கைக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். அதாவது படத்தின் அகலப் பிக்சல் கொக்கி எண்ணிக்கையாக இருக்க வேண்டும். படம் இன்டெக்ஸ்டு மோடில் இல்லாமல் ஆர்ஜிபியில் இருந்தால், பெரிதாக்கும்போது ஸ்கேலிங்கில் இன்டர்போலேஷனை 'நன்' (None) என்று வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓரம் மங்கிப் புது நிறம் முளைக்கும்.

8 நவம்பர்

கிளப்பில் செமஸ்டர் எழுதுகிறவர்கள் போக மிச்சம் இருப்பவர்கள் சனிக்கிழமையை ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் வந்த ஜெராக்ஸ் கடைக்காரரின் பிரிண்டர் மின்ட்டில் வேலை செய்யவில்லை என்பதுதான் இப்போதைய பாக்கி. நம் ஊர்க் கடைகளில் பாதியில் இருக்கும் அதே பழைய சின்ன லேசர் பிரிண்டர்தான் என்று நினைக்கிறேன். அதற்கு லினக்ஸின் பொதுப் பிரிண்ட் வசதியான கப்ஸ் மட்டும் போதாது, தனி டிரைவர் வேண்டும். கடை வேலை நிற்கக் கூடாது; அதுவரை அவர் பழைய மெஷினிலேயே பிரிண்ட் எடுக்கட்டும். அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரையும், யுஎஸ்பியில் செருகியபின் டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) அடித்தால் வரும் வரியையும் இங்கே போடுங்கள். திங்கட்கிழமை ஷிப்மென்ட் முடிந்ததும் பார்க்கிறேன்.